நெற்றிக்கண் திறந்த பிறகு

1995 செப்டம்பர் 21, வியாழக்கிழமை. திருச்சி உறையூரில் எங்கள் தெருக் கடைகளில் அன்று மாலை பால் கிடைக்கவில்லை. டெல்லியில் பிள்ளையார் பால் குடிக்கிறார் என்று காலையில் கிளம்பிய செய்தி, எஸ்.டி.டி. பூத்துகள் வழியாக மதியத்துக்குள் ஊர் ஊராக இறங்கிவிட்டது. தெருமுனைப் பிள்ளையார் கோயிலில் டம்ளரும் ஸ்பூனுமாக நீண்ட வரிசை. என் அம்மாச்சியும் ஒரு கிண்ணத்தில் பால் எடுத்துக்கொண்டு கிளம்பினார். தாத்தா கருப்புச் சட்டைக்காரர். முப்பது வருடமாகக் கோயில் படி ஏறாதவர். அவரும் எழுந்து துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"நீங்க எதுக்குங்க?"

"பாக்கணும்ல."

வரிசையில் முக்கால் மணி நேரம் நின்றார்கள். நான் அம்மாச்சியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அம்மாச்சி ஸ்பூனைத் துதிக்கையோரம் சாய்த்துப் பிடித்தபோது பால் மெல்ல இறங்கியதை நானும் பார்த்தேன். பின்னால் நின்ற ஒரு பெண் அழுதார். தாத்தா சிரிக்கவில்லை, யாரையும் கேலி செய்யவில்லை. துதிக்கைக்குக் கீழே விரலை வைத்து வயிறுவரை தடவிப் பார்த்தார். விரல் நனைந்திருந்தது. வீட்டுக்கு வந்ததும் அம்மிக்குழவியைக் கழுவி நிமிர்த்தி வைத்து, அதே ஸ்பூனில் அதே பாலை அதன் தலையோரம் பிடித்தார். அம்மிக்குழவியும் குடித்தது.

டெல்லியில் விஞ்ஞானிகள் சாயம் கலந்த பாலைக் கொடுத்துக் காட்டியதும் இதைத்தான். ஈரமான கல்லைத் தொட்டவுடன் பரப்பு இழுவிசை பாலைக் கரண்டியிலிருந்து இழுக்கிறது. பிறகு அது மெல்லிய ஏடாகக் கல்லின் மேலேயே வழிந்து இறங்குகிறது. வெள்ளைப் பால் வழிந்தால் கண்ணுக்குத் தெரியாது. சாயப் பால் வழிந்தால் தெரியும்.

அம்மாச்சி குழவியையே பார்த்துக்கொண்டிருந்தார். சாமி அலமாரியில் பிள்ளையார் படமும், அதற்குப் பக்கத்தில் மூன்று வயதில் வைசூரியில் போன என் பெரிய மாமாவின் படமும் இருந்தன. விளக்கை ஏற்றிவிட்டு வந்து கேட்டார்: "சரி. நெசமாவே குடிச்சிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

நாத்திகர்களிடம் இந்தக் கேள்வியைப் பெரும்பாலும் மடக்குவதற்காகத்தான் கேட்கிறார்கள். அம்மாச்சி அப்படிக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினார். தாத்தா சொன்ன பதிலைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன், இதே கேள்விக்கு உலகம் இதுவரை என்னென்ன பதில் சொல்லியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். முப்பது வருடமாக எனக்குள் ஊறிக்கொண்டிருக்கும் கேள்வி இது.

காட்டினால் ஒப்புக்கொள்கிறேன்

பெரியாரைப் பற்றித் தமிழ்நாட்டு மேடைகளில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் ஒரு நிகழ்ச்சி உண்டு. கடவுள் உங்கள் எதிரில் வந்து நின்றால் என்ன செய்வீர்கள் என்று யாரோ கேட்க, இருக்கிறார் என்று சொல்லிவிட்டுப் போகிறேன் என்றாராம். இறந்த பிறகு கடவுளைச் சந்திக்க நேர்ந்தால் என்ன சொல்வீர்கள் என்று பெர்ட்ரண்ட் ரஸ்ஸலைக் கேட்டபோது, போதிய ஆதாரம் தரவில்லையே என்று கடவுளிடம் சொல்வேன் என்று பதில் வந்ததாகச் சொல்வார்கள். இரண்டிலும் ஒரே நேர்மை இருக்கிறது. ஆதாரம் வந்தால் என் கருத்து மாறும், வராதவரை மாறாது.

இதை வாய்வார்த்தையாக விட்டுவிடாமல் எழுத்தில் எழுதி, பணமும் கட்டி வைத்தவர் ஆபிரகாம் கோவூர். கேரளத்தின் திருவல்லாவில் 1898-ல் பிறந்து இலங்கைக்குப் போனவர். தாவரவியல் ஆசிரியர். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் அவரிடம் படித்த தமிழ் மாணவர்கள் ஏராளம். 1963-ல் ஒரு லட்சம் ரூபாய் அறைகூவலை அறிவித்தார். உறையிட்டு மூடிய நோட்டின் எண்ணைப் படித்துக் காட்ட வேண்டும், அல்லது எரியும் தணலில் அரை நிமிடம் கொப்புளம் இல்லாமல் நிற்க வேண்டும், அல்லது பூட்டிய அறையிலிருந்து மறைய வேண்டும், அல்லது தண்ணீர்மேல் நடக்க வேண்டும். இப்படி நீண்ட பட்டியல். அதில் ஒன்றே ஒன்றை, ஏமாற்ற இடமில்லாத சூழலில் செய்து காட்டினால் போதும். 1978-ல் கோவூர் இறக்கும்வரை அந்தப் பணத்தை யாரும் வாங்கவில்லை. அவருக்குப் பிறகு கோவை போத்தனூரிலிருந்து பி. பிரேமானந்த் அந்த அறைகூவலைத் தொடர்ந்தார். அமெரிக்காவில் ஜேம்ஸ் ராண்டி 1964-ல் ஆயிரம் டாலரில் தொடங்கியது பத்து லட்சம் டாலராக வளர்ந்து 2015 வரை நீடித்தது. ஆயிரம் பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள். யாரும் தேறவில்லை.

கோவூரின் பட்டியலை நான் மிகவும் மதிக்கிறேன். தோற்பதற்கு என்ன நடக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே, எண் போட்டு எழுதித் தருவதற்கு ஒரு துணிவு வேண்டும். மதத்திலும் அரசியலிலும் அதைச் செய்பவர்கள் எத்தனை பேர்?

ஆனாலும் அந்தப் பட்டியலுக்கு ஓர் எல்லை உண்டு. ஒருவர் தணலில் நின்று காட்டிவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அதனால் கடவுள் இருக்கிறார் என்று ஆகிவிடுமா? ஆகாது. இதைச் சொல்ல நாத்திகர் தேவையில்லை. அட்டமாசித்திகளை வரிசைப்படுத்திய நம் மரபே, சித்தியில் மயங்கி நின்றவன் வழியில் தங்கிவிட்டவன் என்றுதான் சொல்லி வந்திருக்கிறது. வித்தை வேறு, இறை வேறு என்பது உறையூர்த் தெருவில் அழுத அந்தப் பெண்ணுக்கும் தெரியாதது அல்ல.

பூதவாதியின் பதில்

இன்னொரு வகை நாத்திகர்கள் இருக்கிறார்கள். எது வந்தாலும் மாறமாட்டோம் என்பவர்கள். இவர்களை வறட்டுப் பிடிவாதக்காரர்கள் என்று ஒதுக்கிவிடுவது எளிது. அப்படி ஒதுக்குவதற்கு முன், தமிழிலேயே இருக்கும் ஒரு பழைய உரையாடலைக் கேட்டுவிடலாம்.

மணிமேகலைக் காப்பியத்தின் 27-ஆம் காதை. தவசி வேடத்தில் வஞ்சி நகருக்கு வந்த மணிமேகலை ஒவ்வொரு சமயவாதியிடமும் போய் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். அளவைவாதியில் தொடங்கிச் சைவவாதி, வைணவவாதி, ஆசீவகன், நிகண்டவாதி, சாங்கியன், வைசேடிகன் என்று போய்க் கடைசியில் பூதவாதியிடம் நிற்கிறாள். அவன் பொருள்முதல்வாதி. தாதகிப் பூவையும் வெல்லக்கட்டியையும் சேர்த்தால் போதை பிறப்பதுபோல், பூதங்கள் கூடினால் உணர்வு பிறக்கிறது, பிரிந்தால் போய்விடுகிறது என்பது அவன் கட்சி. கண்ணால் காண்பதே சான்று, அனுமானம் நிற்காது, மறுபிறப்பும் வினைப்பயனும் பொய் என்கிறான்.

மணிமேகலை சிரிக்கிறாள். தன் முற்பிறப்பைத் தெய்வத்தின் அருளால் அறிந்தவள் அவள். முற்பிறப்பை அறிந்தவர்கள் உண்டே என்கிறாள். பூதவாதி அசையவில்லை. தெய்வம் ஏறிய மயக்கத்திலும் கனவிலும் மனம் திரிந்தவர்கள் அப்படித்தான் சொல்வார்கள், ஐயமே இல்லை என்கிறான்.

நான் இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் நிமிர்ந்து உட்காருவேன். இன்றைக்கு ரிச்சர்ட் டாக்கின்ஸ் சொல்வதும் இதேதான். 2006-ல் வெளிவந்த நூலில் நம்பிக்கைக்கு 1 முதல் 7 வரை ஓர் அளவுகோல் போட்டு, ஏழில் நிற்காமல் ஆறில் தன்னை நிறுத்திக்கொண்டவர் அவர். அதாவது கதவை ஒரு விரல் அளவு திறந்து வைத்தவர். பின்னாளில், வானத்திலிருந்து பெருங்குரல் கேட்டாலும் அது என் மனமயக்கம் என்று எண்ணத்தான் அதிக வாய்ப்பு என்று பேசினார். 1748-ல் டேவிட் ஹியூம் போட்ட அடித்தளம் இது. அற்புதம் நடந்தது என்று ஒருவர் சொல்லும்போது, அது நடந்திருக்கும் வாய்ப்பு அதிகமா, சொல்பவர் ஏமாந்திருக்கும் வாய்ப்பு அதிகமா என்று எடை போட வேண்டும். ஏமாந்தவர் நானாகவும் இருக்கலாம்.

இதற்கு மேல் ஒரு படியும் உண்டு. வாழ்நாளில் பாதிக்கு மேல் இலங்கையில் கழித்த ஆர்தர் சி. கிளார்க், மிக முன்னேறிய தொழில்நுட்பத்துக்கும் மாயவித்தைக்கும் வேறுபாடு தெரியாது என்றார். மைக்கேல் ஷெர்மர் அதை நீட்டி, மிக முன்னேறிய வேற்றுக்கிரக அறிவுக்கும் கடவுளுக்கும் வேறுபாடு தெரியாது என்றார். நட்சத்திரங்களை ஒருவர் இடம் மாற்றிக் காட்டினாலும், அவர் நம்மைவிடப் பத்து லட்சம் வருடம் மூத்த பொறியாளராக இருக்கலாம் அல்லவா?

அறிவியல் தத்துவ அறிஞர் நார்வுட் ரஸ்ஸல் ஹான்சன் இதை ஏற்கவில்லை. அவரும் நாத்திகர். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் இடி முழங்கி, மேகம் பிளந்து, ஸீயஸ் போன்ற ஒரு பேருருவம் எல்லோர் கண்ணிலும் பட்டு, நான் இருக்கிறேன் என்று என்னைப் பார்த்துச் சொன்னால், அதைப் படமும் பிடிக்க முடிந்தால், நான் நம்பிவிடுவேன் என்று எழுதினார். உயிரியலாளர்கள் ஜெர்ரி கோய்னும் பி.இசட். மையர்ஸும் 2010-ல் இதையேதான் விவாதித்தார்கள். தகுந்த சான்று வந்தால் தற்காலிகமாகவேனும் ஏற்பேன் என்றார் கோய்ன். கடவுள் என்றால் என்ன என்பதே தெளிவாக வரையறுக்கப்படாதபோது எதற்குச் சான்று தேடுவது என்றார் மையர்ஸ்.

நான் கோய்ன் பக்கம். எந்தச் சான்றும் என்னை மாற்றாது என்று சொல்பவர், சான்று கேட்கும் உரிமையையும் இழந்துவிடுகிறார். ஆனால் மையர்ஸின் கேள்வியில் ஒரு முள் இருக்கிறது. ஹான்சனின் செவ்வாய்க்கிழமையை எண்ணிப் பாருங்கள். மேகம் பிளந்து நிற்பவர் ஸீயஸ். அன்றைக்கு அதிகம் ஆடிப்போவது யார்? நாத்திகர் இல்லை என்று சொன்ன ஆயிரத்தில் ஒன்றைத் திருத்திக்கொண்டால் போதும். ரோமிலும் மெக்காவிலும் திருப்பதியிலும் கைகூப்பி நிற்பவர்களுக்கு அந்தக் காலை எப்படி விடியும்? கடவுளுக்கான சான்று என்று பொதுவாக ஒன்று வரவே முடியாது. வருகிறவர் ஒரு பெயரோடும் முகத்தோடும்தான் வருவார்.

மணிமேகலையின் மறுமொழியைச் சொல்லாமல் விட்டால் அவளுக்கு நியாயம் செய்தவனாக மாட்டேன். உன் தந்தை இவர், தாய் இவர் என்பதை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிந்தாய் என்று கேட்கிறாள். பூதவாதிக்கு அதற்குமேல் காப்பியத்தில் பேச்சில்லை. காண்பதை மட்டும் வைத்துக்கொண்டு ஒருநாள்கூட வாழ முடியாது என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

இரண்டு கிழவர்கள்

இதுவரை பார்த்தவை எல்லாம் வந்தால், நடந்தால் என்ற பேச்சு. சான்று என்று தாங்கள் கருதிய ஒன்றை உண்மையிலேயே எதிர்கொண்ட நாத்திகர்கள் உண்டு. இருவரைச் சொல்ல வேண்டும்.

தத்துவ அறிஞர் ஏ.ஜே. அயர் 1936-ல் எழுதிய நூலில், கடவுள் இருக்கிறார் என்ற வாக்கியம் பொய்கூட அல்ல, பொருளற்றது என்று வாதிட்டவர். 1988-ல் நிமோனியாவோடு லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி மருத்துவமனையில் படுத்திருந்தபோது, மீன் துண்டு தொண்டையில் சிக்கி நான்கு நிமிடம் இதயம் நின்றது. திரும்பி வந்தவர், கண்டதை அப்படியே பத்திரிகையில் எழுதினார். கண்ணைக் குத்தும் ஒரு சிவப்பு ஒளி. பிரபஞ்சத்தை ஆள்வது அதுதான் என்று தோன்றியதாம். வெளியைப் பராமரிக்கும் பொறுப்பிலிருந்த இருவர் வேலையைச் சரியாகச் செய்யாததால் எல்லாம் கோணலாகிக் கிடந்ததாம். காலத்தைச் சரிசெய்தால் வெளியும் சரியாகும் என்று எண்ணித் தன் கைக்கடிகாரத்தை ஆட்டிக்காட்டி அவர்களைக் கூப்பிட்டாராம். மரணத்தோடு எல்லாம் முடிகிறது என்ற உறுதி சற்றுத் தளர்ந்திருக்கிறது, கடவுள் இல்லை என்பது தளரவில்லை என்று முதலில் எழுதினார். சில வாரம் கழித்து இன்னொரு கட்டுரையில், தளர்ந்தது அந்த நம்பிக்கை அல்ல, அதன்மேல் தனக்கிருந்த கெடுபிடியான மனப்பாங்கு என்று திருத்திக்கொண்டார். அடுத்த ஆண்டு இறந்தார்.

அந்தத் திருத்தம்தான் எனக்கு அருமையாகப் படுகிறது. செத்துப் பிழைத்த 77 வயது மனிதர், தன் மனதுக்குள் எது எவ்வளவு நகர்ந்தது என்று நகையாசாரியைப் போலக் குன்றிமணி எடையில் நிறுத்துப் பார்க்கிறார்.

அடுத்தவரும் தத்துவ அறிஞர்தான், ஆன்டனி ஃப்ளூ. கடவுள் இல்லை என்று நீங்கள் ஒப்புக்கொள்ள என்ன நடக்க வேண்டும் என்று 1950-ல் நம்பிக்கையாளர்களைப் பார்த்துக் கேட்டவர். அரை நூற்றாண்டு அந்தக் கேள்வி தத்துவ வகுப்புகளில் சுற்றி வந்தது. 2004-ல், 81 வயதில், தானே மாறிவிட்டதாக அறிவித்தார். உயிரின் தோற்றமும் டி.என்.ஏ.வின் சிக்கலும் ஓர் அறிவைச் சுட்டுகின்றன என்றார். ஆனால் அவர் ஏற்ற கடவுள் அரிஸ்டாட்டில் சொன்னது போன்ற முதற்காரணம். வேண்டுதலைக் கேட்காது, பாவத்தைக் கணக்கெடுக்காது. மறுமையையும் ஃப்ளூ ஏற்கவில்லை. 2007-ல் அவர் பெயரில் நூல் வந்தபோது, அதை உண்மையில் எழுதியது யார் என்று சர்ச்சை கிளம்பியது. பழைய தோழர்கள் பலர் முதுமை என்று சொல்லிக் கடந்துபோனார்கள். இதில் எனக்கு வருத்தம் உண்டு. அவருடைய வாதத்தை நான் ஏற்கவில்லை. உயிர் எப்படித் தோன்றியது என்பதற்கு இன்னும் முழு விடை கிடைக்காததை விடையாக்க முடியாது. ஆனால் மனம் மாறிய ஒருவரிடம் முதலில் கேட்க வேண்டியது வயதை அல்ல, காரணத்தை.

கடைசிக்கால மனமாற்றம் பற்றி ஊர் எப்படிப் பேசும் என்பது போத்தனூர் பிரேமானந்துக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. 2009-ல் புற்றுநோய் முற்றிய நிலையில், கடைசி நேரத்தில் நான் கடவுளிடம் திரும்பிவிட்டேன் என்று யாராவது கிளப்பிவிடலாம், அது பொய் என்று எழுதிக் கையெழுத்திட்டு வைத்தார். அக்டோபர் 4-ல் இறந்தார்.

இருக்கிறார், அதனால்?

அயரும் ஃப்ளூவும் ஒரு கேள்வியைத் தொடவே இல்லை. தமிழ் மண்ணில் அதுதான் பெரிய கேள்வி.

நக்கீரர் கதையை நாம் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறோம். தருமிக்குச் சிவன் எழுதிக் கொடுத்த பாட்டு. பெண்ணின் கூந்தலுக்கு இயற்கை மணம் உண்டா என்ற வழக்கு. எதிரில் நிற்பவர் யார் என்பதை நெற்றிக்கண் திறந்து காட்டிவிட்டது. உலகில் இதைவிடப் பெரிய சான்று ஒரு மனிதனுக்குக் கிடைத்ததாகக் கதை இல்லை. நக்கீரர் எதிரில் இருப்பவரைச் சந்தேகிக்கவில்லை. பாட்டில் பிழை இருக்கிறது என்பதிலிருந்து இறங்கவும் இல்லை. புராணம் அவரைப் பொற்றாமரைக் குளத்தில் தள்ளி, பிறகு பணிய வைத்து, பாடவும் வைக்கிறது. ஆனால் ஊர் மனதில் தங்கியது அவர் பணிந்தது அல்ல, நின்றது. 1965-ல் ஏ.பி. நாகராஜன் படமாக எடுத்து, தானே நக்கீரராக நடித்தபோது திரையரங்குகளில் கைதட்டல் விழுந்ததும் அந்த இடத்துக்குத்தான். தட்டியவர்களில் பெரும்பாலோர் பக்தர்கள்.

இருக்கிறாரா என்பது ஒரு வழக்கு. அவர் செய்தது சரியா என்பது வேறு வழக்கு. முதல் வழக்கில் தீர்ப்பு வந்துவிட்டால் இரண்டாவது தானாக முடிந்துவிடாது. தஸ்தயேவ்ஸ்கியின் நாவலில் இவான் கரமசோவ் கடவுளை மறுக்கவில்லை. ஒரு குழந்தையின் கண்ணீரை விலையாகக் கேட்கும் சொர்க்கத்துக்கு நுழைவுச்சீட்டு எனக்கு வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கிறான். பகத்சிங் 1930-ல் லாகூர் சிறையில் எழுதிய கட்டுரையிலும் முக்கியமாக வருவது இந்த வழக்குதான். எல்லாம் வல்லவர் என்றால் இத்தனை துயரத்தை ஏன் உண்டாக்கினார், அடிமைப்படுத்துகிறவனின் மனதை ஏன் மாற்றவில்லை என்று கேட்கிறார். தூக்குமேடை நெருங்க நெருங்க நீ கும்பிடுவாய் என்று சொன்னவர்களுக்கு, அது எனக்கு இழிவு என்கிறார். ப. ஜீவானந்தம் அதைத் தமிழாக்கி, அதற்காகக் கைதும் ஆனார்.

பெரியாரையும் இந்த வரிசையில் வைத்துத்தான் நான் படிக்கிறேன். அவருடைய சண்டை வானத்தில் யார் இருக்கிறார் என்பது பற்றியதாக மட்டும் இருந்திருந்தால், 1924-ல் வைக்கத்துக்குப் போய்க் கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கும் உரிமைக்காகச் சிறை போயிருக்க வேண்டியதில்லை. தன் 90-ஆவது வயதில், தான் நம்பாத சாமியின் கருவறைக்குள் எல்லாச் சாதியினரும் நுழைய வேண்டும் என்று போராட்டம் அறிவித்திருக்க வேண்டியதும் இல்லை. 1970-ல் சட்டம் வந்தது, வழக்கில் சிக்கியது. 1973-ல் அவர் போய்ச்சேர்ந்தார். 2021 ஆகஸ்டில்தான் பயிற்சி முடித்த பல சாதி அர்ச்சகர்களுக்கு ஒரே நாளில் நியமன ஆணை கிடைத்தது. கருவறையில் இருப்பது கல்தான் என்று சொன்னவர், அந்தக் கல்லைத் தொடும் உரிமைக்காக ஏன் அலைந்தார்? கல்லை முன்னிட்டு மனிதனைத் தள்ளி நிறுத்தியது கல் அல்ல என்பதால். நாளைக்கே சாமி நேரில் வந்து நின்றாலும் இந்த வழக்கு தள்ளுபடி ஆகாது. விசாரிக்க வேண்டிய தரப்பில் ஒருவர் கூடுதலாக ஆஜராவார், அவ்வளவுதான்.

ஆதலால், சான்று கிடைத்த மறுநாள் நாத்திகர்கள் எல்லோரும் மண்டியிடுவார்கள் என்ற எதிர்பார்ப்பு எனக்கு இல்லை. சிலர் ஒப்புக்கொள்வார்கள். சிலர் பூதவாதியைப் போலத் தங்கள் கண்ணையே சந்தேகிப்பார்கள். நான் மதிக்கும் நாத்திகர்கள் ஒப்புக்கொண்டபின் எழுந்து நின்று கேட்பார்கள்.

தாத்தா அன்று இரவு என்ன சொன்னார் என்று சொல்லவில்லையே. அம்மிக்குழவியைத் துடைத்து அதன் இடத்தில் வைத்தார். பால் வீணாகிவிடும் என்று மிச்சத்தை எனக்குக் கொடுத்தார். பிறகு சொன்னார்:

"வந்துட்டா வாங்கன்னுதான் சொல்லணும். உக்காரச் சொல்லுவேன். கேக்க வேண்டியது நெறைய இருக்கு, ஒவ்வொண்ணாக் கேப்பேன்."

கோபப்படுவார் என்று நினைத்தேன். அம்மாச்சி கோபப்படவில்லை. சாமி அலமாரிப் பக்கமிருந்து வந்து, தாத்தாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"வந்தா என்னையும் கூப்புடுங்க. நானும் ரெண்டு கேக்கணும்."